முதல் மடக்குக் கத்தி: மழையும் உப்புக்காற்றும் உள்ள ஊருக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் கத்தி இல்லாத வீடு கிடையாது. அடுக்களையில் அரிவாள்மணை, விறகுப்புரையில் வெட்டோத்தி, பனையேறுகிறவர் இடுப்பில் பாளை அருவாள், ரப்பர் வெட்டுகிறவர் கையில் பால்வெட்டுக் கத்தி, சின்னமுட்டம் துறைமுகத்தில் மீன் அறுக்கிறவர் முன்னால் நீளக் கத்தி. இத்தனை இருக்கும்போது சட்டைப் பையில் மடக்கி வைக்க இன்னொன்று எதற்கு என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கத்திகளைக் காப்பாற்றத்தான் என்பது என் பதில்.

பால்வெட்டுக் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் மரத்துப் பட்டையை ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் சீவ வேண்டிய கத்தி அது. கொஞ்சம் ஆழம் கூடினால் பட்டைக்கு அடியில் இருக்கும் வளரும் படலம் காயப்படும். அப்புறம் அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாகத்தான் வரும். பின்னால் அதே இடத்தில் வெட்டுக்கு வரும்போது பால் எடுக்கச் சிரமம். இப்படிப்பட்ட கத்தியால் உர மூட்டையின் தையலை அறுத்தால் மறுநாள் விடியற்காலையில் அது மரத்தில் வழுக்கும். பாளை அருவாளும் அப்படித்தான். பாளையை மெல்லிசாகச் சீவுகிற கத்தியை வேறு எதற்கும் பனையேறுகிறவர் தொட விடமாட்டார். ஒவ்வொரு தொழிலிலும் கூர் போகக் கூடாத ஒரு கத்தி இருக்கிறது. அன்றாடம் வருகிற நூறு சில்லறை வேலைகளை அதன் தலையில் கட்டாமல் இருக்கத்தான் பையில் ஒரு மடக்குக் கத்தி.

இதை இப்போது எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் என் அக்கா மகன். குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் நாற்றுப் பண்ணையில் ஒட்டுக்கட்டும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். மொட்டோடு சேர்த்து ஒரு துண்டுப் பட்டையைச் சீவி எடுத்து, நாற்றின் தண்டில் அதே அளவுக்குத் திறந்த இடத்தில் பொருத்தி, பாலித்தீன் நாடாவால் சுற்றிக் கட்டுகிற வேலை. சுமார் மூன்று வாரம் கழித்து நாடாவை அறுத்துப் பார்த்தால் ஒட்டுப் பிடித்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒட்டுக்கத்தி சுத்தமாகவும் சவரக்கத்திக் கூரோடும் இருந்தாக வேண்டும் என்று முதல் நாளே அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அதனால் மற்ற வேலைகளுக்கு ஒரு கத்தி வாங்க நினைத்து, போனில் ஒரு படம் அனுப்பினான். கறுப்புப் பூச்சுப் பூசிய அலகு, அடிப்பாதியில் ரம்பப் பல், உள்ளங்கை நிறைய இரும்பு.

"மாமா, இது கொள்ளாமா?"

"பாக்கதுக்குக் கொள்ளாம் மக்கா. இத வச்சு நீ என்னத்த வெட்டப் போற?"

"எல்லாத்தையும்தான்."

"எல்லாம்னா என்னதுன்னு கொஞ்ச நாளு எழுதி வை. பொறவு வாங்கலாம்."

அவன் எழுதினான். உர மூட்டைத் தையல். நாற்றுப் பையின் விளிம்பு. ஒட்டு நாடா. வாழைக்குத் தாங்கு கொடுக்கிற நைலான் கயிறு. சொட்டுநீர்க் குழாய். பூஞ்சை மருந்துப் பொட்டலம். பார்சல் டேப். மத்தியானம் மாங்காய். வீட்டில் அக்காவுக்குக் கருவேப்பிலைக் கொப்பு. ஒரு தடவை காலில் தைத்த முள்.

முதல் கத்தி வாங்கப் போகிற யாரையும் நான் இந்த இடத்திலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். அவன் எழுதியதில் அடித்து வெட்டுகிற வேலை ஒன்றுகூட இல்லை. கிளை கழிப்பது, தேங்காய் பொதிப்பது (மட்டை உரிப்பது), சக்கை (பலாப்பழம்) பிளப்பது எல்லாம் வீட்டிலிருக்கும் வெட்டோத்தியும் பாரையும் பார்த்துக்கொள்ளும். கடைக்காரர்கள் மடக்குக் கத்தியை அதன் பலத்தைச் சொல்லித்தான் விற்கிறார்கள். இவ்வளவு கனம், இப்படிப்பட்ட பூட்டு, இதால் இரும்பு டப்பாவையே வெட்டலாம் என்பார்கள். நம் ஊரில் பலத்துக்கு வேறு ஆயுதம் இருக்கிறது. மடக்குக் கத்தியிடம் நாம் கேட்க வேண்டியது மெலிவு.

மெலிவு என்று நான் சொல்வது அலகின் முதுகில் பார்க்கிற கனத்தை. பிரான்ஸின் ஒப்பினெல் நிறுவனத்து எட்டாம் எண் மடக்குக் கத்தியில் முதுகுக் கனம் 2 மில்லிமீட்டருக்குள் அடங்கும். இப்போது இணையத்தில் விற்கிற முரட்டுக் கத்திகள் பலவற்றில் 3, 4 மில்லிமீட்டர் இருக்கிறது. இரண்டையும் ஒரே அளவு கூராக்கி ஒரு மாங்காயை நறுக்கிப் பாருங்கள். மெல்லியது இறங்கிக்கொண்டே போகும். தடித்தது கொஞ்ச தூரம் அறுத்துவிட்டு, விறகில் அடித்த ஆப்பு மாதிரி காயைப் பிளந்துவிடும். வெட்டுகிறது விளிம்பு மட்டும் இல்லை. விளிம்புக்குப் பின்னால் வருகிற உடம்பும் பொருளுக்குள்ளே நுழைந்தாக வேண்டும். எந்த எஃகு என்பதைவிட இதுதான் கையில் உடனே தெரிகிற வித்தியாசம் என்பது என் தீர்மானமான கருத்து. கடையில் கத்தியை விரித்து, முனையை உங்கள் பக்கம் திருப்பாமல், முதுகை மேலிருந்து பாருங்கள். முதுகிலிருந்து விளிம்பு வரை ஒரே சரிவாக இறங்கியிருந்தால் நல்லது. பாதிவரை தடித்தே வந்து கடைசியில் திடீரென்று சரிந்தால் வேண்டாம்.

நீளம் 7 சென்டிமீட்டரிலிருந்து எட்டரை வரை போதும். மாங்காயைக் குறுக்கே வெட்ட அவ்வளவுதான் தேவை. நான்கு விரலும் பிடியில் உட்கார வேண்டும். சுண்டுவிரல் வெளியே தொங்கினால் அழுத்தி அறுக்கும்போது கத்தி திரும்பும். எடை 100 கிராமுக்குக் கீழே இருக்கட்டும். வீட்டிலும் விளையிலும் (தோட்டத்திலும்) சாரம், அதாவது கைலி, கட்டிக்கொண்டு நிற்கிற நமக்குச் சட்டைப் பைதான் இடம். கனமான கத்தி குனியும்போதெல்லாம் நழுவி விழும். சில நாளில் அது மேசை இழுப்பறைக்குப் போய்விடும்.

பூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், விரல் சம்பந்தப்பட்டது என்பதால்.

பூட்டே இல்லாத கத்தி ஒரு வகை. முதுகில் ஒரு வில்பட்டை அலகின் அடிப்பாகத்தை அழுத்திக்கொண்டிருக்கும்; அந்த அழுத்தத்தில்தான் அலகு விரிந்து நிற்கும். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் கத்திகளில் பெரும்பாலானவை இப்படி. அங்கே இபாக்கில் கார்ல் எல்சனர் 1884ல் பட்டறை தொடங்கி, 1891ல் அந்நாட்டுப் படைக்கு முதல் கத்திகளைக் கொடுத்தார். படைவீரன் கத்திக்கே பூட்டு இல்லாமல்தான் ஆரம்பித்தார்கள். அறுக்கும்போது விசை விளிம்பிலிருந்து முதுகுப் பக்கம் போகிறது. அது அலகை விரித்தே வைக்கும். குத்தினாலோ, முனையால் நெம்பினாலோ, மாட்டிக்கொண்ட அலகை முதுகுப்பக்கமாக அசைத்து உருவினாலோதான் மடங்கி விரலில் விழும்.

ஒப்பினெல் வேறு வழி கண்டது. ஜோசஃப் ஒப்பினெல் 1890ல் சாவோய் மலைநாட்டில் செய்யத் தொடங்கிய கத்தி அது. 1955ல் அதில் ஒரு பிளவுபட்ட உலோக வளையத்தைச் சேர்த்தார்கள். விரித்தபின் வளையத்தைத் திருகினால் அலகு பின்னால் வராது. இதைவிட எளிமையான பூட்டை நான் பார்த்ததில்லை. கெட்டுப்போக அதில் எதுவும் இல்லை, விரலை அலகின் பாதையில் வைக்காமலே திறந்து மூடலாம். கை நிறையச் சேறு இருக்கும்போது திருகுவது சிரமம், அது ஒன்றுதான் குறை.

முதுகுப் பூட்டு மூன்றாவது. பிடியின் முதுகில் ஒரு நெம்புகோலை அழுத்தினால்தான் அலகு மடங்கும். அமெரிக்காவின் பக் 110 என்ற கத்தி 1960களில் இதைப் பிரபலமாக்கியது. பலமானது, ஆனால் அந்தப் பள்ளத்தில் மண்ணும் ரப்பர்ப் பாலும் போய் உறைந்தால் பூட்டு முழுதாக விழாது. நாற்றுப் பண்ணையில் இது நடக்கும். இன்னொன்று உட்பட்டைப் பூட்டு: பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு சாய்ந்து வந்து அலகின் அடியில் முட்டி நிற்கும். மூடும்போது கட்டைவிரல் அலகு விழுகிற வழியில்தான் இருக்கும். பழகியவர்களுக்குப் பிரச்சினை இல்லை. இடது கைக்காரர்கள் வாங்குமுன் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் வலது கைக்குத்தான் செய்கிறார்கள்.

முதல் கத்திக்கு நான் பூட்டில்லாததைத்தான் சொல்வேன். குத்தாதே, நெம்பாதே, விரல் எங்கே இருக்கிறது என்று பார் என்கிற பழக்கத்தை அது முதல் நாளிலிருந்தே கற்றுக்கொடுக்கும். பூட்டு இருந்தாலும் அதே பழக்கம் தேவை. எந்தப் பூட்டும் நெம்புவதற்காகச் செய்யப்பட்டது இல்லை.

பொத்தானை அமுக்கினால் தானே பாய்ந்து விரிகிற கத்தியின் பக்கமே போகாதீர்கள். வேலைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. போலீஸ்காரர் கண்ணில் பட்டால் நீங்கள் வாழைக்குத் தாங்கு கட்டப் போனதாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருக்கும் கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவை அதில் சேராது. நாம் பேசுகிற மூன்று அங்குலக் கத்தி அந்த அளவுக்குக் கிட்டேகூட வராது. அதற்காக எங்கும் கொண்டுபோகலாம் என்று அர்த்தம் இல்லை. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கோ, சுசீந்திரம் தேரோட்டத்துக்கோ, மண்டைக்காட்டுக் கொடைக்கோ போகும்போது கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கூட்டத்தில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறவர்கள் கைப்பையில் வைக்கக் கூடாது, சரக்கில் போடும் பெட்டியில் வைக்க வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எந்தக் கத்தியும் கொண்டுபோகக் கூடாது, பென்சில் சீவ என்றாலும்.

இனி எஃகு. இங்கே நம் ஊர் கணக்கு வெளியூர்க் கணக்கிலிருந்து மாறுகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. வடக்கே மலையோரம் ஈரம், தெற்கே கரையோரம் உப்பு. சட்டைப் பையில் வியர்வை. கார்பன் எஃகு நன்றாகக் கூர் பிடிக்கும், சாணைக்கு எளிதாக இணங்கும். எனக்கு அதன்மேல் பிரியம் உண்டு. ஆனால் ஆனி, ஆடி மழையில் ஒரு ராத்திரி ஈரப் பையில் கிடந்தால் காலையில் செம்புள்ளி வந்துவிடும். வாழைக்கறை பட்டால் அலகு கறுக்கும். கறையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்கிற கறுப்பு அது. அந்தக் கறுப்பால் கெடுதல் இல்லை. செந்துருதான் அலகைத் தின்னும்.

அதனால் முதல் கத்தி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். ஒப்பினெல் இரண்டு வகையிலும் வருகிறது. 'இனாக்ஸ்' என்று அலகில் பொறித்திருப்பதை எடுங்கள். விக்டோரினாக்ஸ் எல்லாமே துருப்பிடிக்காத வகைதான். அதன் கடினம் ராக்வெல் அளவில் 55, 56 சுமார். கத்தி ரசிகர்கள் மென்மை என்று குறை சொல்வார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. கல்லில் பட்டால் உடையாமல் வளையும், அஞ்சு நிமிடத்தில் வீட்டிலேயே கூர் திரும்பிவிடும். டி2 என்ற எஃகில் கத்திகள் இப்போது மலிவாக நிறைய வருகின்றன. அதில் குரோமியம் 12 சதவீதம் அளவுக்கு இருந்தாலும் கார்பனும் ஒன்றரை சதவீதம் அளவு இருக்கிறது. குரோமியத்தில் ஒரு பங்கு கார்பனோடு சேர்ந்து கட்டியாகிவிடும், துருவைத் தடுக்க மிச்சம் இருப்பது குறைவு. கரையிலிருந்து தள்ளி இருக்கிறவர்கள் சமாளிக்கலாம். குளச்சலிலும் முட்டத்திலும் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

கடலுக்குப் போகிறவர்களின் தேவை தனி. தூத்தூர்க் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் உப்புநீரோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏற்றது எச்1 போன்ற, கார்பன் மிகக் குறைவாக உள்ள எஃகு. கடல் நீரில் கிடந்தாலும் துருப்பிடிக்காது என்கிற அளவுக்கு நல்லது. முனை கூராக இல்லாமல், முதுகு வளைந்து விளிம்போடு சேர்கிற மொண்ணை முனை அலகு வேண்டும். ஆடுகிற படகில் கூர்முனை பக்கத்தில் நிற்கிறவர் மேல் பாயும். நைலான் கயிறு அறுக்க ரம்பப் பல் உதவும். தரையில் வேலை செய்கிற நமக்கு அந்தப் பல் வேண்டியதில்லை, வீட்டிலிருக்கும் தட்டைக் கல்லில் தீட்ட வராது.

பிடிக்கு மரம் அழகு. ஆனால் ஒப்பினெல்லின் பீச் மரப்பிடி நம் மழைக்காலத்தில் ஊறி உப்பும். அலகு பிடிக்குள் இறுகி, நகத்தால் இழுத்தால் வராது. நிழலில் காயவைத்தால் சரியாகும். கீலிலும் மரத்திலும் எண்ணெய் தொட்டு வைத்தால் அவ்வளவு இறுகாது. எண்ணெய் என்றால் தேங்காயெண்ணெய்தான். நல்லெண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகி கீலைப் பிடித்துவிடும், தேங்காயெண்ணெய் அப்படிச் சீக்கிரம் பிசினாகாது. சக்கை அறுக்கும்முன் கத்தியில் எண்ணெய் தடவுகிற வழக்கம் இந்தக் கத்திக்கும் பொருந்தும். ஒட்டிய அரக்கை எண்ணெய் போட்டுத் துடைத்தால் வரும், தண்ணீரில் தேய்த்தால் பரவும்.

கூர் விஷயத்தில் ஒன்றை வலியுறுத்த வேண்டும். மெல்லிய மடக்குக் கத்தியைத் தெருவில் வருகிற சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை கொடுத்த கத்தி முனையில் நீலம் பாரித்துத் திரும்பி வந்தது. எஃகு நீலமாவதற்கு ஏறக்குறைய 300 டிகிரி சூடு வேண்டும். அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள், பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. வெட்டோத்திக்கு அந்தச் சக்கரம் போதும், தடித்த இரும்பு சூட்டைத் தாங்கும். மடக்குக் கத்திக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற இருபக்கக் கல் வாங்குங்கள், ஒருபக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு. தண்ணீர் விட்டு, கல்லிலிருந்து 15, 20 பாகை உயர்த்தி, ஒரு பக்கம் விளிம்பில் பிசிர் தட்டும்வரை தேய்த்து, பிறகு மறுபக்கம். பிசிரை நகத்தில் உணரலாம். நைசுப் பக்கத்தில் மெதுவாக இழுத்து, கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுத்தால் பிசிர் போய்விடும். பழைய சலூன்களில் சவரக்கத்தியை வாரில் இழுத்தது இதற்குத்தான். கோணம் கூடிக் குறைந்தாலும் பயப்பட வேண்டாம், கை பழகும். கத்தி வாங்குகிற அன்றே கல்லும் வாங்கிவிட வேண்டும்.

திருவிழாக் கடைகளில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற மடக்குக் கத்திகளைப் பற்றிக் கேட்பார்கள். விரித்து, அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கீல் ஆடினால் வேண்டாம். ஆடாததும் கிடைக்கும், பார்சல் பிரிக்கவும் நூல் அறுக்கவும் அது தாராளம். விக்டோரினாக்ஸ் பெயரில் போலிகள் உண்டு. உண்மையானதில் பெரிய அலகின் அடியில், கீலுக்குப் பக்கத்தில், பெயர் பொறித்திருக்கும். விரித்தால் ஒவ்வொரு அலகும் 'டக்' என்று நிற்கும். போலியில் வழவழவென்று வரும்.

மருமகனுக்கு எதை வாங்கினோம் என்றால், அவன் எழுதியதில் இருந்த பூஞ்சை மருந்துப் பொட்டலமும் மாங்காயும்தான் முடிவு செய்தன. செம்பு கலந்த அந்தப் பூஞ்சை மருந்துப் பொட்டலம் கிழித்த அலகால் மாங்காய் அறுக்கக் கூடாது. கழுவினாலும் கீலுக்குள் தூள் இருக்கும். அதனால் இரண்டு அலகு உள்ள கத்தி. சின்ன அலகு மருந்துக்கும் மண்ணுக்கும் நாடாவுக்கும்; அதன் நுனி சின்னது என்பதால் மொட்டில் படாமல் நாடாவை அறுக்க முடிகிறது. பெரிய அலகு வாயில் போடுகிற பொருளுக்கு மட்டும். விக்டோரினாக்ஸில் 91 மில்லிமீட்டர் பிடியுள்ள வகையில் இரண்டு அலகும் வருகின்றன. அதில் புகழ்பெற்ற ஸ்பார்ட்டன் என்ற கத்தியில் கார்க் திருகி இருக்கும், அவனுக்கு அதனால் ஆவது ஒன்றும் இல்லை. அதே இடத்தில் நட்சத்திர ஸ்குரூடிரைவர் உள்ள டிங்கரை எடுத்தோம். மருந்தடிக்கிற பம்பின் கைப்பிடித் திருகு அடிக்கடி கழலுமாம்.

அதன் பிடி சிவப்பு. ரப்பர் இலை உதிர்கிற தை மாசத்தில் தரை முழுக்கச் செம்பழுப்புச் சருகாகக் கிடக்கும், சிவப்புக் கத்தி விழுந்தால் கண்ணுக்குத் தட்டுப்படாது. வளையத்தில் மஞ்சள் நைலான் கயிறு ஒரு சாண் கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.